மூன்றாம் தூணின் ஆக்கிரமிப்பு

பிச்சைமணி ரோட்டு ஆபீசுக்குப் போனது, தன் திராட்சைப் பந்தலின் கல்கால்கள் சாய்ந்துவிட்டதைச் சொல்லத்தான். ரயில் பாலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவருக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. பந்தல் தன் சமாச்சாரம். பாலம் சர்க்கார் சமாச்சாரம். அதில் அவர் இத்தனை வயது வரைக்கும் மூக்கை நுழைத்ததில்லை.

தேனிக்கும் போடிக்கும் நடுவே கரட்டுப்புதூரில் அவருக்குத் தோட்டம். தோட்டத்தை ஒட்டி ஓடை, ஓடையின் மேல் ரயில் பாலம். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் தூண்களின் மேல், அகல ரயில் விட்டபோது புது இரும்பு உத்தரங்களைத் தூக்கி வைத்திருந்தார்கள். போன வருடம் வரை தூணும் நேராக நின்றது, பந்தலும் நேராக நின்றது. பிறகு 'பள்ளத்தாக்கு விரைவுச்சாலை மேம்பாட்டு வாரியம்' வந்து சேர்ந்தது.

புறவழிச்சாலை தண்டவாளத்தைத் தாண்டிப் போக மேம்பாலம் வேண்டும், மேம்பாலத்தில் ஏற மேடு வேண்டும் என்று சொல்லி, ரயில் பாலத்தின் மூன்றாம் தூணுக்குக் கிழக்கே லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்டினார்கள். மேடு வளர்ந்து, ரயிலில் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்து மலையே தெரியாமல் போனது. அதே தூணுக்கு மேற்கே, வடிகால் கட்டுவதற்காக நீளமாக ஒரு பள்ளம் தோண்டினார்கள். மேட்டுக்குக் காண்டிராக்ட் எடுத்தவர் வேறு, பள்ளத்துக்குக் காண்டிராக்ட் எடுத்தவர் வேறு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவது நாகரிகமில்லை என்பதால், நடுவில் ஒரு தூண் நிற்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஐப்பசி மழை முடிந்ததும் பந்தலின் கல்கால்கள் மேற்கே பார்த்துச் சாய்ந்தன. கம்பி தொய்ந்து, கொடி தரைக்கு வந்தது.

“போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள் மனைவி பொன்னாத்தாள். “மண்ணக் கொட்டுனது அவுகதான? அவுகளே வந்து நிமித்திக் குடுத்துட்டுப் போகட்டும்.”

தேனியில் வாரியத்தின் ஆபீஸ் குளுகுளுவென்று இருந்தது. திட்ட இயக்குநர் ராஜபாண்டி நல்ல மனிதர். விவசாயி என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

“எங்க மண்ணு எங்க எல்லைக்குள்ள இருக்கு. உங்க கல்லு உங்க எல்லைக்குள்ள சாஞ்சிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்னய்யா சம்பந்தம்?”

“சம்பந்தம் என்னான்னு எனக்கு என்ன சார் தெரியும்? கல்லுக்காலு மட்டும்னாக்கூட நானே நிமித்திக்கிருவேன். பாலத்துத் தூணும்ல அதே பக்கம் சாஞ்சு நிக்குது.”

ஆபீசில் தட்டச்சு நின்றது. பக்கத்து மேசைக்காரர் காபி டம்ளரை வாயருகே வைத்தபடியே நிறுத்தினார். பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல இருந்தது பிச்சைமணிக்கு.

ராஜபாண்டி குரலைத் தாழ்த்தினார். “பாலம் எங்களுக்குச் சம்பந்தப்பட்டது இல்ல. அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. அங்கன போங்க. எங்க பேரச் சொல்லாதீக.”

அந்த ஆபீசுக்குப் பெயர் 'மேற்குக் கிளைப்பாதைப் பாலங்கள் காப்பு வாரியம்'. அதன் தலைமை அதிகாரி சசிதரன். குமுளி மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் தமிழ் மலையேறிவிடும். பிச்சைமணி 'சாய்வு' என்று சொன்னதுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பாலம் சாஞ்சா வண்டி போகுமோ?”

“போகாது சார்.”

“வண்டி போகுதல்லோ?”

“போகுது சார்.”

“அப்போ பாலம் சாயல. என்னைக்கு வண்டி கீழ விழுதோ, அன்னைக்குப் பாலம் சாஞ்சதுன்னு எழுதலாம். அது வரைக்கும் அது உங்க அபிப்பிராயம். கேட்டோ?”

பிச்சைமணி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். இத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கவேண்டியவர்தான். கல்காலை நிமிர்த்த ஊரில் ஆள் இல்லையா? ஆனால் காலையில் அந்தப் பாலத்தின் மேல் வருகிற ரயிலில் அவருடைய மகள் யுவராணி இருந்தாள்.

யுவராணியை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. போடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலை ரயிலில் வருவாள், சாயங்கால ரயிலில் திரும்புவாள். பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டுவாள்; தோட்டத்தில் நிற்கிற பிச்சைமணி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துப் பதிலுக்கு வீசுவார். கல்யாணம் செய்து கொடுத்த மகளைத் தினமும் இரண்டு தரம் பார்க்கிற அப்பன் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவனும் இல்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு. இப்போது அவள் மாசமாக வேறு இருந்தாள்.

ஆபீசுக்குப் போய் வந்த பிறகு அவரால் துண்டை வீச முடியவில்லை. ரயில் முழுசாகப் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார்.

“பஸ்ல போயேன் ஆத்தா” என்று போனில் கெஞ்சினார்.

“ஏப்பா, பஸ்ஸு போற ரோட்டத்தான் உங்க ஆளுக நோண்டிப் போட்டிருக்காகளே. அந்தக் குலுக்கல்ல போனா ஆண்டிபட்டியிலயே பிரசவமாயிரும். டாக்டரம்மா ரயில்லதான் போகணும்னு சொல்லியிருக்காக.”

ஆகையால் பிச்சைமணி மறுபடியும் இரண்டு ஆபீசுக்கும் நடந்தார். நடந்து நடந்து கேட்டதில், கூட்டுத் தணிக்கை என்று ஒன்றுக்கு ஏற்பாடாயிற்று. இரண்டு வாரியத்து ஆட்களும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே வடையைத் தின்பது அதன் முறை.

ராஜபாண்டி கிழக்கு நிழலில் நின்றார். சசிதரன் மேற்கு நிழலில் நின்றார். தூணைப் பார்த்தால் அதைப் பற்றி எழுத வேண்டி வரும் என்பதால் இருவரும் முதலில் திராட்சையைப் பார்த்தார்கள். பன்னீர்த் திராட்சைதானா, விதை உண்டா என்று விசாரித்தார்கள். கடைசியில் பிச்சைமணியே தூணின் அடியில் போய் நின்று, விரலை நீட்டிக் காட்டிவிட்டார். ஒரு ஆள் உயரத்துக்குக் கல் இணைப்பில் விரிசல் ஓடியிருந்தது.

“நீங்க சொல்ற சாய்வு எங்க?” என்றார் சசிதரன்.

“இங்கன பாருங்க சார். தூணு மேக்க சாஞ்சிருக்கு. எம் பந்தல்காலும் மேக்க சாஞ்சிருக்கு.”

சசிதரன் தூணைப் பார்த்தார், பந்தல்காலைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. “ரெண்டும் ஒரே பக்கம்?”

“ஆமா சார்.”

“அப்போ ஒன்னுக்கொன்னு நேரா இருக்கு. நேரா இருக்கிறதச் சாஞ்சதுன்னு எங்ஙனே எழுதும்?”

ராஜபாண்டி ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சசிதரனோடு ஒத்துப்போனார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதை யாரோ படம் பிடித்தார்கள்.

விரிசலை மட்டும் விட முடியவில்லை; படத்தில் அதுவும் விழுந்துவிட்டது. விரிசல் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டினார்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் பால வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒட்டிவிட்டு அவர்கள் ஜீப்பில் ஏறுவதற்குள் சாயங்கால ரயில் வந்தது, கண்ணாடி உடைந்தது.

பிச்சைமணி ஓடிப்போய்த் தெரிவித்தார்.

“கண்ணாடி தரமில்ல” என்றார் சசிதரன்.

தரமான கண்ணாடி வந்தது. அதுவும் உடைந்தது. அதற்கு அடுத்ததும் உடைந்தது. கண்ணாடி என்றாலே உடையக்கூடிய பொருள் என்பதை வாரியம் தாமதமாகத்தான் உணர்ந்தது. இத்தனை முக்கியமான சோதனையை இப்படிப்பட்ட பொருளிடம் ஒப்படைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்து, அதற்குப் பதிலாக ரப்பர் பட்டை ஒட்டினார்கள். அது உடையவில்லை. விரிசல் வளரவில்லை என்று நிரூபணமாயிற்று. ரப்பர் மட்டும் நாளுக்கு நாள் நீண்டு, மெலிந்துகொண்டு வந்தது.

அந்த ரப்பரைப் பார்க்க ரோட்டு வாரியத்திலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். தேவயானி என்று பெயர், உதவிப் பொறியாளர். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, மேட்டையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பொன்னாத்தாள் கொடுத்த மோரைக் குடித்தாள்.

“தாயி, நீயாச்சும் சொல்லு” என்றார் பிச்சைமணி. “எங்கண்ணுல கோளாறா?”

“உங்க கண்ணுல ஒன்னும் இல்லண்ணே. அடியில களிமண்ணு. கிழக்க அம்புட்டு பாரத்த ஏத்தி வச்சிருக்கோம், மேற்க தோண்டி வெறுமையா விட்டிருக்கோம். மண்ணு அந்த வெறுமையப் பாத்துப் பிதுங்குது. அது போற வழியில என்ன நின்னாலும் தள்ளிக்கிட்டுத்தான் போகும். உங்க கல்லும் ஒன்னுதான், பாலத்துத் தூணும் ஒன்னுதான்.”

“இப்ப என்ன பண்ணணும்?”

“பள்ளத்த மூடிட்டு மேட்ட உச்சியிலருந்து எடுக்கணும். அம்புட்டுத்தான். அப்புறமா வேற மாதிரி யோசிச்சுக் கட்டிக்கலாம்.”

“இத உங்க சார்ட்ட சொல்லேன்த்தா.”

“சொல்லிட்டேண்ணே. எழுதியும் குடுத்துட்டேன்.”

அவள் எழுதிக் கொடுத்ததை வாரியம் அலட்சியம் செய்யவில்லை. கூட்டம் போட்டுப் படித்தது. 'தள்ளுகிறது' என்ற சொல் கண்ணியக் குறைவாக இருப்பதாகச் சிலர் கருதினார்கள். 'பிதுங்குகிறது' என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மறு வாரமே தேவயானி, சாலையோரம் நட்ட மரக்கன்றுகளில் எது உயிரோடிருக்கிறது என்று பார்க்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அந்தப் பிரிவில் மண்ணைப் பற்றிய அறிவு பயன்படும் என்று உத்தரவில் பாராட்டியிருந்தார்கள்.

ஆனால் அவள் அளந்து போட்ட குறிகள் தரையில் இருந்தன. அவற்றை வைத்துப் பார்த்த ரோட்டு வாரியத்தின் நில அளவையர் ஒரு விபரீதத்தைக் கண்டுபிடித்தார். மூன்றாம் தூணின் அடிப்பீடம் தன் எல்லைக்கல்லைத் தாண்டி, வடிகாலுக்கான இடத்துக்குள் நாலு விரல்கடை வந்திருந்தது. ரோட்டு வாரியத்தின் நிலத்தில் அனுமதியில்லாமல் யார் நுழைந்தாலும் சட்டம் ஒன்றுதான். தூணின் மேல் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆக்கிரமிப்பாளர் உரிய காலத்துக்குள் தாமாகவே விலகிக்கொள்ளாவிட்டால், எந்திரம் கொண்டு அகற்றப்படும். அகற்றும் செலவும் அவரிடமே வசூலிக்கப்படும்.

தூண் பதில் சொல்லவில்லை. அதன் சார்பில் பால வாரியம் பதில் ஒட்டியது: தூண் நூறு வருடமாக அதே இடத்தில்தான் நிற்கிறது, நிலந்தான் அதன் அடியிலிருந்து நகர்ந்து போயிருக்கிறது, ஆகவே நிலத்தைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டியது ரோட்டு வாரியத்தின் பொறுப்பு.

பொன்னாத்தாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டையும் படித்தாள். “ஏங்க, நம்ம கல்லுக்காலுக்கும் இந்த மாதிரி ஒட்டுவாகளா?”

“ஒட்டுனாலும் ஒட்டுவாக.”

“ஒட்டட்டும். கொடியத் தூக்கிக் கட்டுறதுக்காச்சும் அந்தத் தாளு ஆகும்.”

தூணோ விலகவும் இல்லை, நிற்கவும் இல்லை. வண்டி பாலத்தில் ஏறினால் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரும்பு உத்தரம் பல்லைக் கடிப்பது போல. ஓட்டுநர்கள் பால வாரியத்திடம் புகார் செய்தார்கள். பாலத்துக்கு முன்னால் ரயில் நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்று பலகை வைத்தார்கள். ஏன் என்று பயணிகள் கேட்டால் பீதி கிளம்பும் அல்லவா? அதனால் பக்கத்திலேயே பெரிய பலகை ஒன்றும் வைத்தார்கள்: 'இயற்கைக் காட்சி மண்டலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அழகைப் பயணிகள் நிதானமாகக் கண்டு களிக்கும் பொருட்டு வண்டி மெதுவாகச் செல்கிறது.' கிழக்கு ஜன்னலில் மண்மேட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதையும் சிலர் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வண்டி ஊர்ந்ததில் அப்பனுக்கும் மகளுக்கும் பேச வசதி கிடைத்தது. பிச்சைமணி கீழே ஓடைக்குள் கூடவே நடப்பார். யுவராணி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொள்வாள்.

“சாப்பிட்டியா ஆத்தா?”

“சாப்பிட்டேம்ப்பா. நீங்க எதுக்கு இப்பிடி வேர்த்து வடியுறீக?”

“வெயிலு.”

“காலையில என்னப்பா வெயிலு? ஏப்பா, இந்தச் சத்தம் என்ன? நேத்து இல்லயே!”

அவர் அண்ணாந்து பார்த்தார். உத்தரத்துக்கும் தூணின் தலைக்கும் நடுவிலிருந்து காரைத் தூள் மாவு போலக் கொட்டி அவர் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, “புது இரும்புல்ல, அப்பிடித்தான் பேசும்” என்றார். வண்டி போன பிறகு ஓடை மணலில் உட்கார்ந்துவிட்டார். பொய் சொன்னது கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சொன்ன பொய் ஆபீஸ்காரர்கள் சொல்கிற மாதிரியே இருந்ததுதான் அவரை என்னவோ செய்தது.

அன்றைக்கு மத்தியானமே அவர் சுருளியாண்டியைத் தேடிப் போனார். சுருளியாண்டி அவருக்கு மச்சினன் முறை, டிராக்டர் வைத்திருக்கிறவன். ஊரில் தொகுப்பு வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரக் குழியை நிரப்ப மண் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

“மாப்ள, செம்மண்ணு வேணுமா?” என்றார் பிச்சைமணி. திருட்டைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லாததால் வியாபாரி மாதிரி பேசினார். “நல்ல மண்ணு. கல்லு கெடையாது. சலிச்ச மாதிரி இருக்கும்.”

“எங்கன மாமா?”

பிச்சைமணி கிழக்கே கையைக் காட்டினார்.

சுருளியாண்டி சிரித்தான். “அது சர்க்கார் மண்ணு. அங்கன வாட்ச்மேன் போட்டிருக்காக.”

“ராத்திரிக்கு மட்டுந்தான் போட்டிருக்காக. மண்ணு திருடுறவன் ராத்திரிதான் வருவான்னு அவுக சட்டத்துல இருக்குதாம். பகல்ல ஒரு ஈ காக்கா இல்ல.”

சுருளியாண்டி தன் மாமாவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான். “உங்களுக்கு எம்புட்டு வேணும்?”

“எனக்கு ஒரு கூடை வேணாம். நீ கொண்டு போ. உன் சேக்காளிகளயும் கூட்டிக்கிட்டுப் போ.”

பட்டப்பகலில் டிராக்டர்கள் வந்தன. மேட்டை அடைவதற்கு நடுவில் வடிகால் பள்ளம் மறித்தது. வண்டி இறங்கி ஏற முடியாது என்று கண்டதும், முதல் நாள் முழுக்கக் கூடையில் அள்ளிச் சுமந்த மண்ணை எல்லாம் பள்ளத்திலேயே தட்டி மூடி, டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்தி, பாதை போட்டுக்கொண்டார்கள். ஒரு வண்டி போகும்போது இன்னொன்று வர வேண்டுமே என்று பாதையை அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்தியதில் பள்ளம் முக்கால்வாசி காணாமல் போனது. பிறகு மேட்டை உச்சியிலிருந்து படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். அடியில் அள்ளினால் மேலே இருப்பது தலையில் விழும் என்கிற பயந்தான். ஆக, தேவயானி எழுதிக் கொடுத்தது எதையும் படிக்காமலேயே அவள் எழுதியது முழுவதையும் வரிசை பிசகாமல் செய்து முடித்தார்கள். மத்தியானம் வேலை செய்கிறவர்களைப் பார்த்த ரோட்டு வாரியத்தின் ஜீப் ஒன்று, தங்கள் ஆட்கள் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறார்களே என்று நின்று பாராட்டிவிட்டுப் போனது.

பிச்சைமணி அந்த நாட்களில் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் சத்தம் கேட்டால் பந்தலுக்குள் ஒளிந்துகொள்வார். “எடுக்கச் சொல்லிட்டு நீங்க எதுக்கு ஒளியுறீக?” என்று பொன்னாத்தாள் கேட்டாள். “எடுக்குறவனே பாட்டுப் போட்டுக்கிட்டு எடுக்குறான்.”

மேடு தரைமட்டமானது. ரப்பர் பட்டை அதற்கு மேல் நீளவில்லை. உத்தரத்தின் பல்கடி குறைந்து, ஒரு காலையில் நின்றே போனது. தூண் நிமிரவில்லை, ஆனால் சாய்ந்த இடத்தில் சாய்ந்தபடி, காலை ஊன்றி நின்றுகொண்டது. அன்றைக்குத்தான் பிச்சைமணி பல மாதத்துக்குப் பிறகு துண்டை அவிழ்த்து வீசினார். ஜன்னலில் யுவராணி சிரித்தாள். அவர் பந்தலுக்குள் போய், யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் அழுதார்.

பாலம் மேற்கொண்டு சாயாமல் நின்றுவிட்டது என்ற செய்தி இரண்டு வாரியத்துக்கும் போனது. நின்றதற்கு யார் காரணம் என்பதில், சாய்ந்ததற்கு யார் காரணம் என்பதில் இருந்ததைவிடப் பெரிய தகராறு வந்தது. ரப்பர் பட்டைதான் தூணைப் பிடித்து நிறுத்தியது என்றது பால வாரியம். நோட்டீசுக்குப் பயந்துதான் தூண் நின்றது என்றது ரோட்டு வாரியம். கடைசியில் சமரசமாகி, 'பால உறுதி விழா' என்று கூட்டாக ஒரு விழா எடுத்தார்கள். அழைப்பிதழில் 'இடம்: புதிய சாலை மேட்டின் மேல்' என்று அச்சிட்டிருந்தது. மேடு இல்லாததால் மேடை போடவும், நாற்காலி போடவும், கார் நிறுத்தவும் தாராளமாக இடம் இருந்தது. கண்ணால் கண்ட குடிமகன் என்ற வகையில் பிச்சைமணிக்கு மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

சசிதரன் முதலில் பேசினார். “இந்தப் பாலம் அசையல. அசைஞ்சதுன்னு சொல்றவங்களுக்கு ஒன்னு சொல்லிக்கிறேன். அது அசைஞ்சதே நம்ம முழுக் கண்காணிப்புலதான் அசைஞ்சது. எங்களுக்குத் தெரியாம அது ஒரு இஞ்சுகூட அசையல, கேட்டோ!”

கைதட்டல் அடங்குவதற்குள் ராஜபாண்டி எழுந்தார்.

“இந்தப் பாலத்துக்கு நூறு வயசு. நாங்க இங்கன வந்து ஒரு வருசங்கூட முழுசா ஆகல. ஆக, பாலத்துக்கு ஏதாச்சும் கெடுதல் நடந்திருந்தா, அதுல எங்க பங்கு நூத்துல ஒன்னுக்கும் கீழ. மிச்சமெல்லாம் எங்களுக்கு முந்தி இருந்தவுக பங்கு. ஆனா நல்லது நடந்திருக்குன்னா, அது நாங்க வந்த பெறகுதான் நடந்திருக்கு. அது முழுக்க எங்க பங்கு! இன்னொன்னும் சொல்றேன். எதிர்காலத்துல இந்தப் பாலம் விழுமான்னு கேக்குறாக. நான் இன்னும் ரெண்டு வருசம் இந்தப் பதவியில இருப்பேன். அது வரைக்கும் விழாதுன்னு உறுதியாச் சொல்லுவேன். அதுக்குப் பெறகு என்ன நடக்கும்னு சொல்றது, எனக்கு அடுத்து வாரவரோட அதிகாரத்துல தலையிடுற மாதிரி ஆயிரும்.”

பிறகு அவர் காலால் மேடைப் பலகையைத் தட்டினார். “நம்ம காலுக்குக் கீழ எம்புட்டு உசரமான மேடு! இம்புட்டு பாரத்துலயும் பக்கத்துல நிக்கிற தூணு அசையலயே! இதவிட வேறென்ன அத்தாட்சி வேணும்?”

பிச்சைமணி குனிந்து பார்த்தார். மேடைக்கு அடியில் தரைதான் இருந்தது. சபையைப் பார்த்தார். ராஜபாண்டியின் ஆட்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது அளந்து பதிவாகி, ஒப்புதலாகி, மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட மேடு. அதை டிராக்டரில் ஏற்றி யாரும் கொண்டுபோய்விட முடியாது. அதனால் திருட்டுப் போனதாகப் புகார் கொடுக்கவும் வழி இல்லை. இருக்கிற பொருளை எப்படித் திருட்டுப் போனதாகச் சொல்வது?

“இந்த நம்பிக்கையில” என்றார் ராஜபாண்டி, “மேட்டோட ரெண்டாம் அடுக்க நாளைக்கே ஆரம்பிக்கிறோம்.”

பிச்சைமணிக்கு நாற்காலி நழுவியது போலிருந்தது.

மறுநாள் லாரிகள் வந்தன. இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் மேல் விழ வேண்டியது, தரையில் விழுந்தது. பழைய உயரத்தை நோக்கி மேடு மளமளவென்று ஏறியது. பிச்சைமணி சுருளியாண்டியிடம் ஓடினார்.

“ஊர்ல ஒரு குழி பாக்கி இல்ல மாமா” என்றான் அவன். “வேண்டிய மட்டும் நெரப்பியாச்சு. கோயில் முன்னாடிகூடக் கொட்டி, இப்ப சாமி பள்ளத்துல நிக்குதுன்னு வையிறாக. சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல.”

யுவராணிக்கு மாதம் ஒன்பது. அன்றைய சாயங்கால வண்டியோடு லீவு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன், உசிலம்பட்டிக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு காலை வண்டியில் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். ரப்பர் பட்டை மறுபடியும் மெலிய ஆரம்பித்திருந்தது. பிச்சைமணி தூணின் அடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஜீப் வந்து நின்றது. ஒளிந்துகொள்ள நேரமில்லை.

ராஜபாண்டி தனியாக வந்திருந்தார். ஓட்டுநரைக்கூட அழைத்து வரவில்லை. பந்தலுக்கு அடியில் வந்து நின்று, கொஞ்ச நேரம் திராட்சையைப் பற்றிப் பேசினார். அப்புறம் நாலு பக்கமும் பார்த்தார்.

“கெங்குவார்பட்டியில ஒரு வீடு கட்டுறேன்யா. எடம் வாங்குறப்ப தெரியல. பூராவும் பள்ளம். மழை பெஞ்சா கெணறு மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் ஊரெல்லாம் வீடு கட்டியிருக்காக, அஸ்திவாரமெல்லாம் அருமையான செம்மண்ணா இருக்கு, பாத்தேன். சுருளியாண்டின்னு ஒருத்தன் கொண்டாந்து போடுறானாமே, உங்களுக்கு வேண்டியவனாமே? எனக்கும் கொஞ்சம் சொல்லிவிடுங்க.”

பிச்சைமணி மேட்டுப் பக்கம் கையை நீட்டப் போனார். “சார், அந்த மண்ணு எங்கனருந்துன்னா...”

“வேணாம்!” ராஜபாண்டி அவசரமாகக் கையை உயர்த்தினார். “எங்கனருந்து எடுக்குறீகன்னு நான் கேக்கல. கேட்டா எழுதணும். எழுதுனா யாராச்சும் படிப்பாக. நமக்கு எதுக்கு அந்த வம்பு? மண்ணு நல்ல மண்ணான்னு மட்டும் சொல்லுங்க.”

“நல்ல மண்ணு சார். உங்களுக்கே தெரியுமே.”

“பகல்ல அள்ளச் சொல்லுங்க. ராத்திரி அள்ளுனா கண்ணுல பட்டுரும்.”

பிச்சைமணி ஒரு முறை தூணைப் பார்த்தார், ஒரு முறை மேட்டைப் பார்த்தார். எல்லாம் கெங்குவார்பட்டிப் பள்ளத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

“சார்” என்றார் ஆசையோடு, “உங்க பள்ளம் ரொம்ப ஆழமா இருக்குமா?”

“ரொம்ப ஆழம்யா” என்று பெருமூச்சு விட்டார் திட்ட இயக்குநர். “எம்புட்டு கொட்டுனாலும் நெறயாது.”

பிச்சைமணி இரண்டு கையையும் எடுத்து, மனதாரக் கும்பிட்டார்.